பனிக்குள் நான் கேட்ட கை

என் தோழி ஹேமாவைப் பனிக்குள் இழுத்துப் போட்டவள் நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்து, அவள் பிழைத்ததை மட்டும் சொன்னால் இது சாட்சியாகாது.

இங்கே லண்டனில் நோர்பரிக் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரும் உங்களில் பலருக்கு என் அம்மாவையும் அப்பாவையும் தெரியும். இருவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். 1991இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன். மூன்றாம் வருடமே இங்கே பல்கலைக்கழகத்தில் புவியியல் மாணவி. அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு.

1995 பெப்ரவரியில் ஸ்கொட்லாந்தின் கெய்ர்ன்கோர்ம் மலைத்தொடருக்குக் களப்பயணம் போனோம். வீதியும் வீடும் இல்லாத மலைகள். காற்று உச்சிப் பனியை வாரி மறுபக்கச் சரிவில் கொட்டும். செங்குத்தான சரிவில் அது பலகை போல் இறுகி, ஒருநாள் அப்படியே உடைந்து இறங்கும். அப்போது பக்கவாட்டில் ஓட வேண்டும். பள்ளத்துக்குள் மட்டும் போகக் கூடாது. பனி அங்கேதான் குவியும். இதையெல்லாம் எங்கள் குழுவுக்குத் தாளில் எழுதிக் கொடுத்தவளே நான்தான்.

ஹேமா மெட்ராஸ்காரி. அவள் அப்பா ஹரோவில் டாக்டர். பஸ்ஸில் என் தாளை வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏய் புரொபசர், உங்க யாழ்ப்பாணத்துல எத்தனை அடி பனி விழும்?"

"விசர்க்கதை கதையாமல் பாடமாக்கு. நாளைக்குக் கேப்பன்."

மறுநாள் முற்பகல் ஒரு சரிவின் அடியால் நடந்துகொண்டிருந்தோம். மேலே 'தொம்' என்று ஒரு சத்தம். ஊரில் குண்டு விழும்போது பங்கருக்குள், மண்ணில் வெட்டிய பதுங்குகுழிக்குள், பாய்ந்து பழகிய உடம்பு இது. படித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "பங்கருக்குள்ள வா!" என்று கத்தினேன். என்னோடு நின்ற ஹேமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்து ஓடைப் பள்ளத்துக்குள் குதித்தேன்.

எழுதிக் கொடுத்தவள் நான். குதித்தவளும் நான். இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

மேலிருந்து உடைந்து வந்த பனி எங்கள் இருவரையும் மூடியது. அது நின்றபோது என் தலை மட்டும் வெளியே இருந்தது. உடம்பைச் சுற்றிப் பனி சீமெந்து போல் இறுகிவிட்டது. ஹேமாவைக் காணவில்லை.

நாங்கள் எல்லோரும் நெஞ்சில் ஒரு கருவி கட்டியிருந்தோம். அது ஓயாமல் சமிக்ஞை அனுப்பும். தேடுகிறவர்கள் தங்கள் கருவியைக் கேட்கும் நிலைக்கு மாற்றி, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். எங்கள் வழிகாட்டி ஓடி வந்தார். அவர் கருவியில் என் சத்தமும் ஹேமாவின் சத்தமும் ஒன்றாகக் கலந்தன. எது எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. உன்னுடையதை நிறுத்து, நிறுத்து என்று கத்தினார். என் இரண்டு கைகளும் பனிக்குள். விரல்கூட அசையவில்லை. என்னைத் தோண்டி எடுக்கும்வரை அவளுக்கு மூச்சுத் தாங்குமா? நான் உயிரோடு இருப்பதே அவளைக் கொன்றுகொண்டிருந்தது.

எனக்குத் தேவாரம் வரவில்லை. ஒரு வரிகூட வரவில்லை. "முருகா, ஒரு கை தா. ஒண்டு போதும்" என்று அழுதேன்.

வலது கை வழுக்கியது. கையுறை பனிக்குள்ளேயே இருக்க, வெறுங்கை மட்டும் மேலே வந்தது. தோலுரிந்த விரலால் நெஞ்சருகே பனியைச் சுரண்டிக் கருவியை நிறுத்தினேன். உடனே வழிகாட்டியின் கருவியில் ஒரே ஒரு சத்தம், தெளிவாக. என்னிலிருந்து நாலு எட்டில் தோண்டினார்கள். நீலம் பாரித்த முகம். பிறகு ஒரு இருமல். பிறகு, என் பக்கம் திரும்பி:

"உங்க ஊரு பங்கர் ரொம்பக் குளிருதுடி."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகுதான் என்னைத் தோண்டி எடுத்தார்கள்.

லண்டனுக்கு வந்ததும் ஹரோவுக்குப் போய் ஹேமாவின் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "உன்னை மட்டும் காப்பாத்திக்க நினைச்சிருந்தா தனியா ஓடியிருப்பே. அவளையும் இழுத்துட்டுத்தானே போனே?" என்றார் அவர். அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

இப்போது களப்பயணத்துக்கு வரும் புதிய மாணவர்களுக்கு நான் தாள் கொடுப்பதோடு விடுவதில்லை; உடம்புக்குப் பழகும்வரை பக்கவாட்டில் ஓட வைக்கிறேன். ஒவ்வொரு காலையும் முருகன் முன்னால் நின்றுவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கிறேன்.

துன்பத்தில் பெரிதாகக் கேட்கத் தெரியவில்லையே, பாட்டும் மந்திரமும் வரவில்லையே என்று யாராவது தயங்கினால், தயங்காதீர்கள். அந்த நேரத்துக்கு எது வேண்டுமோ அதைக் கேளுங்கள். நான் கேட்டது ஒரு கை மட்டும்தான்.