கேக் வெட்ட ஒரு கத்தி

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மற்ற அப்பாக்கள் மண்டபம் தேடுவார்கள். நான் தச்சநல்லூரில் லாரி ஸ்பிரிங் பட்டை தேடினேன். கத்தி செய்வது என் பைத்தியம். வரவேற்பில் கேக் வெட்டும் கத்தியை நானே செய்வதாக அறிவித்துவிட்டேன்.

உண்மையில் என் கவலையெல்லாம் மாப்பிள்ளையைப் பற்றித்தான். பெண் பார்க்க வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியது "சரி மாமா" மட்டும். எதைக் கேட்டாலும் சரி. இவர் என் மகளை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று யாரிடம் கேட்பது? வாயைத் திறந்தால் வீட்டில் சண்டை வரும். மாடிக்குப் போய் இரும்பு தேய்க்கும் கிரைண்டரைப் போட்டேன்.

ஓடும் பெல்ட்டில் அலகை இழுக்கும்போது மணிக்கட்டு அசையக் கூடாது. இடுப்புதான் நகர வேண்டும். அடிக்கடி தண்ணீரில் முக்காவிட்டால் விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்துவிடும், பிறகு அந்த எஃகு எதற்கும் ஆகாது. வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்தது. சரிக்கட்ட இடப்பக்கம் தேய்த்தேன். அது கூடிப்போனது. மறுபடியும் வலம். கவலை தீரும்வரை தேய்த்ததில் அலகு ரொம்பவே மெலிந்தது.

"கேக் வெட்டவா, கெடா வெட்டவா? பைய செய்யுங்க, பக்கத்து வீட்டுல பயப்படுதாவ" என்றாள் மனைவி.

வரவேற்பில் மூன்றடுக்கு கேக் நின்றது. போட்டோக்காரர், "அண்ணாச்சி, கீழ் அடுக்குல வெட்டச் சொல்லுங்க, படம் நல்லா விழும்" என்றார். மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து பிடித்த கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. கூட்டம் கைதட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அலகை வெளியே எடுத்தபோது அதில் வெள்ளை மணிகள் ஒட்டியிருந்தன. தெர்மோகோல்! மேலடுக்கு மட்டும்தான் கேக். கீழே எல்லாம் கிரீம் பூசிய ஜோடனை. வேறு கத்தியாக இருந்தால் கிறீச்சிட்டு நின்றிருக்கும். நான் கையைத் தூக்குவதற்குள் மகள் அதிலேயே ஒரு துண்டை மாப்பிள்ளை வாயில் வைத்துவிட்டாள்.

அவர் மென்றார். நிதானமாக மென்றார்.

"நல்லாருக்கா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"நல்லாருக்கு" என்று விழுங்கினார்.

அடுத்து அவர் ஊட்ட வேண்டிய முறை. கீழ் அடுக்கைத் தொடவே இல்லை. எட்டி மேலடுக்கில் வெட்டி, துண்டை விரலால் அழுத்திப் பார்த்து, ஓரத்தைக் கிள்ளித் தன் வாயில் போட்டுச் சரிபார்த்துவிட்டு, அப்புறம்தான் அவளுக்கு ஊட்டினார்.

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

"கத்தி நல்லாத்தான வெட்டிச்சி, அதுக்கு எதுக்கு அழுவுதீய?" என்றார் சம்பந்தி.