ஒரு கால் நீலம், ஒரு கால் சிவப்பு

போன வருஷம் ஐப்பசி மாதம். விடாமல் பெய்த மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு சாயங்காலம், அம்பத்தூர் எஸ்டேட் பேருந்து நிறுத்தத்தில் முகப்பேர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன்.

அன்று எனக்கு மனசே சரியில்லை. அலுவலகத்தில் ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. யார் யார் என்று தெரியாது. இப்படி நேரத்தில் என் கை சும்மா இருக்காது. போனை எடுத்து, அதில் வைத்திருக்கும் படம் வரையும் ஆப்பைத் திறந்துவிடுவேன். தனியாகப் பேனா எல்லாம் கிடையாது, ஆள்காட்டி விரல்தான். எதிரே இருந்த டீக்கடை பாய்லரை வரைய ஆரம்பித்தேன். ஒரு கோடுகூட நேராக வரவில்லை. போடுவதும் அழிப்பதுமாக இருந்தேன்.

நாலைந்து பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஷிப்ட் முடிந்த கூட்டம் மொத்தமும் முண்டியடித்து ஏறியது. பஸ்கள் கிளம்பிப் போனதும் ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

பச்சைப் புடவை கட்டிய சின்ன வயசுப் பெண். காய்கறிப் பை கீழே விழுந்து தக்காளி சாலையில் உருண்டது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிறுத்தத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாள். இடுப்புயரத்துக்குக் கையைக் காட்டி, முந்தானையைப் பிடித்துக் காட்டி, ஏதோ கத்தினாள். பாஷை புரியவில்லை. ஆனால் குழந்தையைக் காணோம் என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

"ஹிந்தியா இது?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஹிந்தி இல்லீங்க, ஒடிசா பக்கம் போல கீது. எனுக்கு ரெண்டு வார்த்த ஹிந்தி வரும், கேட்டுப் பாக்குறேன்" என்று வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்தார் ஒரு ஆட்டோ டிரைவர். அவர் கேட்டதில் அது ஆண் குழந்தை, நாலு வயசிருக்கும் என்பது மட்டும் தெரிந்தது. அவள் கையில் இருந்தது பட்டன் போன், அதில் போட்டோ இல்லை. புருஷன் பக்கத்துக் கம்பெனியில் வேலையில் இருந்தான். அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். ஒருவர் அவனை அழைத்துவர ஓடினார். இன்னொருவர் போலீசுக்கு போன் போட்டார்.

"குழந்தை எப்படி இருக்கும், என்ன டிரெஸ்னு கேக்குறாங்க" என்றார் போன் போட்டவர். டிரைவருக்குத் தெரிந்த ஹிந்தியில் அதையெல்லாம் கேட்க வரவில்லை.

எனக்கு அப்போதுதான் தோன்றியது. பாய்லரை அழித்துவிட்டு வெள்ளைத் திரையை அவள் முன் நீட்டினேன். "நான் வரையறேன், நீங்க சொல்லுங்க" என்றேன். தமிழில்தான் சொன்னேன், வேறென்ன தெரியும்? அவள் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தாள். நான் வேகமாக ஒரு வட்டம் போட்டு, கண், மூக்கு, வாய் வைத்து, சுருட்டை முடி போட்டேன். உடனே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. தலையை வேகமாக ஆட்டி, தன் முடியை விரலிடுக்கில் ஒட்டப் பிடித்துக் காட்டினாள். ஒட்ட வெட்டிய முடி. அழித்துப் போட்டேன். காது? இன்னும் பெரிதாக. சட்டை? வண்ண வட்டத்தைத் திறந்து காட்டினேன். விரலால் மஞ்சளைத் தொட்டாள்.

அதற்குள் மறுபடி தூற ஆரம்பித்தது. திரையில் விழுந்த ஒவ்வொரு துளியும் ஒரு கோடு இழுத்தது. குழந்தையின் கன்னத்தில் மஞ்சள் கீறல், நெற்றியில் ஒரு பொட்டு. துடைத்தால் இன்னும் இரண்டு கோடு. எனக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. டீக்கடை அக்கா பெரிய தட்டு ஒன்றை எடுத்துவந்து எங்கள் தலைக்கு மேல் பிடித்தார். "நீ போடும்மா, நான் புடிச்சிகினு நிக்கிறேன். சீக்கிரம் போடு" என்றார்.

கால்சட்டை போட்டேன், கால் வரைந்தேன். அவள் தன் செருப்பைக் காட்டினாள். சரி, செருப்பு போட்டிருக்கிறான். வண்ணத்துக்கு அவள் விரல் நீலத்தைத் தொட்டது. இரண்டு காலிலும் நீலம் தீட்டினேன். அவள் "இல்லை இல்லை" என்பது போலக் கையை ஆட்டி, சிவப்பைத் தொட்டு, ஒரு காலின் மேல் தானே தேய்த்தாள். பதற்றத்தில் தவறாகத் தொட்டுவிட்டாள் என்று நினைத்து அன்டூ அழுத்தினேன். சிவப்பு போய்விட்டது. அவள் மறுபடி தேய்த்தாள். நான் மறுபடி அழித்தேன்.

அவள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

தூக்கிவாரிப்போட்டது. கூட்டத்தில் ஒருவர், "ஏம்மா, போனு போனு" என்று குரல் கொடுத்தார். அவள் எங்கும் ஓடவில்லை. தரையில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்து, ஒரு கால் மேல் சிவப்பை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். பிறகு தன் இடது காலைத் தட்டி, திரையில் நீலத்தைத் தட்டினாள். வலது காலைத் தட்டி, சிவப்பைத் தட்டினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, கோபமும் இருந்தது.

"அட, ஜோடி மாத்திப் போட்டுகினு கீறான்பா புள்ள!" என்றார் ஆட்டோ டிரைவர். "ஒரு கால் நீலம், ஒரு கால் செவப்பு. அத்தத்தான் சொல்லுது. எனுக்கு அனுப்புக்கா, எங்க ஸ்டாண்ட் குரூப்புல எல்லாத்துலயும் போட்டுர்றேன்."

அவளிடமிருந்து போனை வாங்கி அனுப்பினேன். அவர் குரலிலும் பேசி அனுப்பினார். போலீசுக்குப் பேசிக்கொண்டிருந்தவரும் செருப்பைப் பற்றிச் சொன்னார். அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. அவள் டிரைவரின் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சாலையைப் பார்ப்பதும் கால் மாற்றி நிற்பதுமாக இருந்தேன். என் பஸ் வந்தது, போனது. ஓரமாகத் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கும் கால்வாயை நான் பார்க்க, அவளும் அதே கால்வாயைப் பார்ப்பது தெரிந்து, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். புருஷன் ஓடிவந்து சேர்ந்தான்.

டிரைவரின் போன் அடித்தது.

"இன்னாது? ஓ.டி. பஸ் ஸ்டாண்ட்லயா? செருப்ப பாத்தியா நீ? ரெண்டு கலருதானே? வுட்ராத, புடிச்சி வையி, வந்துகினே கீறோம்!"

அவளும் புருஷனும் நானும் அவர் ஆட்டோவிலேயே ஏறினோம். நான் ஏன் ஏறினேன் என்று தெரியவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், அதனால் ஏறினேன். ஒவ்வொரு சிக்னலிலும் டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். பக்கத்து வண்டிக்காரர்கள் திட்டினார்கள்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்தில், பஸ்கள் வந்துபோகும் நேரம் குறிக்கும் அறையில் ஒரு பெஞ்சின் மேல் அவன் உட்கார்ந்திருந்தான். கையில் பாதி பிஸ்கட். கூட்டத்தில் வேறொரு பச்சைப் புடவையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறான் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். இங்கே இறங்கியதும் அந்த அம்மா தன்பாட்டுக்குப் போய்விட, இவன் மட்டும் நின்றிருக்கிறான். பேர் கேட்டால் ஏதோ சொல்லியிருக்கிறான், யாருக்கும் புரியவில்லை. வாசலில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் போனில் படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார்.

அவள் குழந்தையை அடித்தாள். பிறகு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவன் அப்போதுதான் அழ ஆரம்பித்தான்.

நான் போனைத் திறந்து படத்தையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒற்றுமை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அவன் முகம் நீளம், நான் போட்டது வட்டம். கண்ணும் சரியில்லை, மூக்கும் சரியில்லை. மழை இழுத்த கீறல்கள் வேறு. படத்தைப் பார்த்த ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மூஞ்ச பாத்தா யாருன்னே தெரியலக்கா. செருப்பப் பாத்துதான் சொன்னேன்."

நான் இரண்டு முறை அழித்த செருப்பு. மூன்றாவது முறையும் போன் என் கையில் இருந்திருந்தால் அழித்திருப்பேன்.

கிளம்பும்போது அவள் என் அருகே வந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். நான் விழிப்பதைப் பார்த்து மறுபடியும் சொன்னாள். டிரைவருக்கும் புரியவில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர்களை அதற்குப் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

என் வேலை தப்பித்தது. அந்த ஆப்பில் இப்போதும் வரைகிறேன், முன்பைவிட நன்றாகவே வருகிறது. ஆனால் யாராவது ஏதாவது சொல்ல வரும்போது, "இவங்களுக்குத் தெரியல, தப்பா சொல்றாங்க" என்று மனசு முந்திக்கொண்டால், போனைப் பிடுங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்த அந்தப் பெண் கண்முன் வந்துவிடுகிறாள். நான் வாயை மூடிக்கொண்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.