மயில்துத்தம் ஊற்றிய செம்பருத்தி

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, நாற்காலியில் உட்கார்ந்ததும் மகள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "அந்தச் செடியத் தூக்கிப் போட்டுருங்கப்பா."

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த அவளுடைய அடுக்குச் செம்பருத்தியைச் சொன்னாள். சரி என்றேன். தூக்கிப் போடவில்லை.

அவளுக்கு டெங்கு. தேனியில் ஒன்பது நாள். அதில் இரண்டு நாள், டாக்டர்கள் என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துப் பேசிய நாட்கள். கம்பத்திலிருந்து அவளைக் கொண்டுபோன வழியில் வீரபாண்டிக் கோயிலைக் கடந்தபோது என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். நான் கும்பிடவில்லை. கும்பிடத் தோன்றவில்லை. அந்த ஒன்பது நாளிலும் எனக்கு எதுவுமே தோன்றவில்லை என்பதுதான் உண்மை. சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கொடுத்த இட்லியைச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தேன். கொசுப்புழு பார்க்கும் பெண்கள் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள்.

"ஒங்க வீட்டத் தேடித்தான் சார் வந்தோம். காய்ச்சல் வந்த வீட்டு லிஸ்ட்டு குடுத்திருக்காக" என்றார் மூத்தவர். மாடிக்குக் கூட்டிப்போனேன். தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார், டயர் கிடக்கிறதா என்று பார்த்தார், கடைசியில் செம்பருத்தியின் அடியில் டார்ச் அடித்தார். பூந்தொட்டிக்குக் கீழே ஒரு பெயின்ட் வாளி மூடி இருந்தது. அதில் இரண்டு விரற்கடை தண்ணீர்.

"இந்தா பாருங்க சார். குடும்பத்தோட இருக்காக. எப்பிடி வாலாட்டுறாக பாருங்க."

கூட வந்தவர் சிரித்தார். பிறகு என் மகள் ஆஸ்பத்திரியில் இருப்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், சிரிப்பை விழுங்கிக்கொண்டார். மூத்தவர் மூடியை உருவித் தண்ணீரைத் தளத்தில் கொட்டினார். வெயிலில் அது உடனே சுருங்கத் தொடங்கியது. "இம்புட்டுத்தான் சார். வெயில்ல கொட்டுனா செத்துரும். மருந்தெல்லாம் ஒண்ணும் வேணாம். மூடிய மட்டும் திரும்ப வைக்காதீக."

அவர்கள் போன பிறகு நான் கீழே வந்து, மாடிப்படிக்கு அடியிலிருந்த மயில்துத்தப் பையை எடுத்தேன்.

இதைக் கம்பம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து திராட்சை இலைக்கு அடிப்பார்கள். நான் பிறந்த வீட்டில் திராட்சைத் தோட்டம் இருந்தது. பந்தலுக்கு அடிப்பது போக, தொட்டியில் பாசி பிடித்தால் மயில்துத்தம், நத்தை வந்தால் மயில்துத்தம், சுவரில் பூஞ்சை பூத்தால் மயில்துத்தம். எங்களுக்கு மருந்து என்றாலே அந்த நீலம்தான். அந்தப் பை என் மச்சினன் அவன் தோட்டத்துக்கு வாங்கி எங்கள் வீட்டில் போட்டுவைத்திருந்தது. இரண்டு கை அள்ளி ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, செம்பருத்தித் தொட்டியில் ஊற்றினேன். முழு வாளியையும். மண் குடித்துக்கொண்டே இருந்தது. பிறகு கை கழுவிவிட்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு தேனி பஸ் ஏறினேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன். காப்பர் சல்பேட் என்று கரும்பலகையில் எத்தனை வருடமாக எழுதியிருக்கிறேன் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு நினைக்கவில்லை.

புழு இருந்த செய்தியை என் மனைவிதான் மகளிடம் சொன்னாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே: "ஒஞ் செடிக்கு அடியிலதான்டி இருந்துச்சாம்." திட்டுவதற்காகச் சொல்லவில்லை. பயத்தை எங்காவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. மகள் வாயிலிருந்த கஞ்சியை விழுங்கினாள். பிறகு, "பரீட்சை வாரத்துல நான் அந்தத் தண்ணியக் கொட்டவே இல்லம்மா. மறந்துட்டேன்" என்றாள்.

அவள் மறக்கவில்லை.

மூடியை அங்கே வைத்தவன் நான். பூந்தொட்டியின் ஓட்டையிலிருந்து செம்மண் தண்ணீர் வழிந்து, புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் கோடு போட்டது. அதற்காக வைத்தேன். அவள் அன்றைக்கே சொன்னாள், "தண்ணி நிக்கும்ப்பா, வேர் அழுகிரும்." "அப்ப தெனமும் எடுத்துக் கொட்டிரு" என்றேன். கொட்டினாள். பரீட்சை தொடங்குவதற்கு முந்தின நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னிடம் கேட்டாள்: "இந்த வாரம் மட்டும் நீங்க கொட்டிருங்கப்பா." சரி என்றேன். ஒரு நாள்கூட மாடி ஏறவில்லை. காய்ச்சல் அந்த வாரத்தை அவள் தலையிலிருந்து துடைத்துவிட்டது. என்னிடம் கேட்டதே அவளுக்கு நினைவில்லை. எனக்கு மட்டும்தான் இருக்கிறது.

மறந்துட்டேன் என்று அவள் சொன்னதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டேன். வாயைத் திறந்திருக்கலாம். டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் செய்யத் தொடங்கியது செடியைப் பார்க்கும் வேலை. அவளுக்குத் தெரியாமல் காலையும் மாலையும் மாடிக்குப் போவேன். மொட்டுகள் விரியாமலே உதிர்ந்துகொண்டிருந்தன. புதிதாக வந்த இலைகள் மஞ்சளாக இருந்தன, நரம்பு மட்டும் பச்சை. ஆடிக்காற்று ஈரத்தை இழுக்கிறது என்று நினைத்துக் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு தொட்டியைச் சுவரோரம் நகர்த்திவைத்தேன். மாவுப்பூச்சியோ என்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வேப்பெண்ணெய் தெளித்தேன். ஒரு கைப்பிடி உரமும் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு இன்னும் கொஞ்சம் மோசமானது. இலையின் ஓரம் கருகியது, மேலிருந்து குச்சி காய்ந்துகொண்டே வந்தது.

மயில்துத்தம் ஊற்றியது எனக்கு மறந்துபோயிருந்தது என்றால் பொய். நினைவிருந்தது. ஆனால் அது ஒரு பக்கமும் செடி ஒரு பக்கமும் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் இடம் மனதுக்குள் மரத்துக் கிடந்தது.

மச்சினன் மகளைப் பார்க்க வந்தான். காமயகவுண்டன்பட்டியில் திராட்சை போட்டிருக்கிறான். இளநீர்க் குலையை இறக்கிவைத்துவிட்டு, அவள் கன்னத்தைப் பிடித்துப் பார்த்து, "என்ன ஆத்தா, கொசு ஒன்னயக் குடிச்சிட்டு மிச்சம் வச்சிருக்கு போல" என்றான். அவள் கொஞ்சம் சிரித்தாள். வீட்டில் யாரும் அந்தக் காய்ச்சலைப் பற்றி அப்படிப் பேசியதில்லை.

அவனை மாடிக்குக் கூட்டிப்போனேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து மேல்மண்ணை ஒரு குச்சியால் கீறினான்.

"மச்சான், இதென்ன மண்ணா, நீலம் போட்டு வெளுத்த வேட்டியா?"

தொட்டியின் உள்விளிம்பில் பச்சையும் நீலமுமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. நான் தினமும் பார்த்ததுதான்.

"துத்தம்" என்றேன்.

"என் பையிலருந்தா? எவ்வளவு போட்டீக?"

"ரெண்டு கை."

"ரெண்டு கையா!" அவன் குரல் கீழே கேட்டிருக்கும். "ஸ்பிரேயர் டேங்குக்குப் போடுறத ஒத்தச் செடிக்கு ஊத்தியிருக்கீக. அதுவும் சுண்ணாம்பு சேக்காம, வேருக்கு. இலைக்கு அடிக்கிறத எவனாச்சும் வேருக்கு ஊத்துவானா மச்சான்? பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுக்குற ஆளு நீங்க. அந்தப் பிள்ளைகள நெனச்சாத்தான் பாவமா இருக்கு."

பேசிக்கொண்டே தொட்டியைச் சாய்த்துப் படுக்கவைத்துச் சுற்றிலும் தட்டினான். வேர்க்கட்டு அப்படியே வெளியே வந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் காப்பிக் கலரில் இருந்தது. நுனியெல்லாம் கருகி, குட்டையாக, தடித்து. நூல் வேர் ஒன்றுகூட இல்லை. "இதுக்கு வாயே இல்ல மச்சான். எத்தன தண்ணி ஊத்தினாலும் எங்கன குடிக்கும்?"

வாளித் தண்ணீரில் வேரை அலசினோம், தண்ணீர் தெளியும் வரை மூன்று முறை. கருத்த வேர்களை அவன் கத்தரியால் நறுக்கினான். வேர் பாதியானால் மேலேயும் பாதியாக்க வேண்டும் என்று, திராட்சைக்குக் கவாத்து செய்வதுபோல் கிளைகளையும் வெட்டினான். கடைசியில் ஒரு முழ உயரத்தில் நான்கைந்து குச்சிகள். பழைய மண்ணைச் சாக்கில் அள்ளிக் கட்டினான், எந்தச் செடிக்கும் போடக் கூடாது என்றான். அவன் தோட்டத்திலிருந்து செம்மண்ணும் மக்கிய சாணமும் வந்த பிறகு, தொட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஓட்டையின்மேல் ஓட்டுச்சில்லு வைத்து நட்டோம். நிழலில் வைக்க வேண்டும். உரம் கிடையாது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

"பொழைக்குமா?"

"நகத்தால பட்டையக் கீறிப் பாருங்க. உள்ள பச்சையா இருந்தா உசுரு இருக்கு. வேற நான் என்ன சொல்ல?"

கீழே இறங்கியதும் மகள் கேட்டாள், "மருந்து ஊத்துனது நீங்களாப்பா?" மாமன் போட்ட சத்தம் அவளுக்கும் எட்டியிருந்தது. ஆமாம் என்றேன். "நான் கெடுத்தது போதாதுன்னு நீங்க வேறயா" என்றாள். சும்மா விளையாட்டாகத்தான் சொன்னாள். முதல் பாதி மட்டும் எனக்குள் நின்றது. நான் கெடுத்தது.

அதன் பிறகு தினமும் கீறிப் பார்த்தேன். பச்சையாக இருந்தது. மறுநாள் நம்பிக்கை வராமல் வேறு இடத்தில் கீறினேன். அடுத்த முறை வந்த மச்சினன் குச்சிகளைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "இத நோய் கொல்லாது, நீங்க சொரண்டியே கொன்னுருவீக. கொஞ்ச நாளைக்குப் பாக்காம இருங்க." நான் பார்க்காமல் இருக்கத் தெரியாதவனாகியிருந்தேன். மகளின் நெற்றியிலும் அப்படித்தான் கை வைத்துக்கொண்டிருந்தேன், அவள் படிக்கும்போதும் தூங்கும்போதும். ஒருமுறை தூக்கத்தில் என் கையைத் தட்டிவிட்டாள்.

ஆவணியில் ஒரு காலை, நடுக்குச்சியில் கணு ஒன்று லேசாகப் புடைத்திருந்தது. இரண்டு நாளில் அது பாசிப்பயறு அளவு பச்சையானது. சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. படிக்கட்டில் இறங்கும்போது அந்தச் சந்தோஷத்தைத் தேடிக்கொண்டே இறங்கினேன்.

"செடி துளுத்திருச்சு. வந்து பாரு."

அவள் புத்தகத்திலிருந்து நிமிரவில்லை. "வேணாம்ப்பா. தூக்கிப் போடத்தான சொன்னேன்."

"பொழச்சிருச்சும்மா."

"பொழச்சா இருக்கட்டும். எனக்குப் பாக்க வேணாம். அதப் பாத்தா, தண்ணியக் கொட்டாம விட்டதும், அம்மா ஆஸ்பத்திரி வராண்டாவுல தரையில படுத்துக் கெடந்ததுந்தான் ஞாபகம் வருது."

செடி பிழைத்துவிட்டால் போதும், நான் எதுவும் சொல்லாமலே சரியாகிவிடும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அப்படி நினைத்ததே அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது.

"நீ மறக்கல" என்றேன். "என்கிட்டச் சொல்லியிருந்த."

"எத?"

"பரீட்சை வாரம் தண்ணியக் கொட்டச் சொல்லி."

"நான் சொன்னேனா? எப்ப?"

"சாப்புட்டுக்கிட்டு இருக்கும்போது. பரீட்சைக்கு மொத நா ராத்திரி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

அடுப்படியில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது. மனைவி வாசல் நிலையில் வந்து நின்றாள். மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது, ஆனால் மெதுவாக, எங்கிருந்தோ நடந்து வருவதுபோல.

"ஆஸ்பத்திரியில வச்சு அம்மாகிட்ட நான் சொன்னப்ப நீங்க அங்கனதான நின்னீங்க?"

"நின்னேன்."

"இத்தன நாளு?"

கொசு எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம், கல்லூரியில்கூடக் கடித்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை மனைவி எடுத்துச் சொல்லப் பார்த்தாள். "நீ சும்மா இரும்மா" என்றாள் மகள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ் போடவில்லை என்று கவனித்தேன்.

இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் தண்ணீர்ச் செம்போடு படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"குடுங்க. இனிமே நீங்க அதத் தொட வேணாம்."

செம்பை வாங்கிக்கொண்டாள். இன்னும் உடம்பு முழுதாகத் தேறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, நடுப்படியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கி ஏறினாள். பின்னால் போகலாமா என்று நினைத்து, போகாமல் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்தேன். மேலே தளத்தில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. வெகுநேரம் அவள் இறங்கி வரவில்லை. மனைவி வந்து, "என்ன செய்யுறா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.