வேலி இலைக் கஞ்சியும் இனிக்காத தேத்தண்ணியும்

சீனி இனிக்காமல் போனதை நீங்கள் கண்டிருக்கிறியளோ? நான் என்ரை நாக்கிலையே கண்டனான். இப்ப நினைச்சாலும் முதல் நெஞ்சு திக்கெண்டும், பிறகுதான் சிரிப்பு வரும்.

சண்டைக்குப் பயந்து கடற்கரைக் குருநகரை விட்டு ஓடிவந்து நீர்வேலியிலை ஒரு தோட்டக்காணிக்குள்ளை நாங்கள் இருந்த நேரம். கடலுக்குப் போகேலாது. எங்கடை மனுசன் வள்ளமும் இல்லை வலையும் இல்லையெண்டு பகல் முழுக்க வேலி வேலியாத் திரியும். அந்த மனுசனுக்குக் கை சும்மா இருக்காது, கடலிலையும் அப்பிடித்தான். ஒருக்கால் மீன் ஒண்டும் படேல்லையெண்டு சிப்பி பொறுக்கிக்கொண்டு வந்து, ஒரு கிழமையா வீடு நாறினது. அதை விடுவம்.

மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அதுக்கு முந்தி வந்த ரெண்டும் இடம்பெயர்ந்ததோடை முறிஞ்சுபோச்சு. ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர் எந்தத் திசைக்கு ஓடினவையெண்டே தெரியாது. இந்தப் பொடியனிலை மகளுக்கும் விருப்பம். வாய்விட்டுச் சொல்லமாட்டாள், ஆனால் அவன்ரை கதை வந்தால் காரணமில்லாமல் கிணத்தடிக்கு எழும்பிப் போவாள். தவசு காலத்து நாப்பது நாளும் எங்கடை வேதத்திலை கலியாணக் காரியம் இல்லை, அது துவங்க முந்திப் பேசி முடிக்கோணும். விட்டால் பாஸ்குத் திருநாள் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கோணும், அதுக்குள்ளை ஆர் எங்கை ஓடுவமோ. இதுவும் முறிஞ்சால் பிள்ளை உள்ளுக்கை இடிஞ்சுபோவாள் எண்டு எனக்குத் தெரியும்.

எங்கடை ஆக்களிலை வீட்டுக்கு ஆள் வந்தால் கூழ்தான் காய்ச்சுறது. நண்டு, றால், திருக்கை எல்லாம் போட்டு. நீர்வேலியிலை நண்டுக்கு எங்கை போறது? வாழைக்குலைதான் கிடக்கு.

"இஞ்சேர், இலைக்கஞ்சி காய்ச்சு," எண்டார் மனுசன். "இலை நான் கொண்டாறன்."

"உங்களுக்கு இலையைப் பற்றி என்ன தெரியும்?"

"பாரையையும் சுறாவையும் பிரிச்சறியிறவனுக்கு இலை தெரியாதோ?"

மாரி மழை விட்ட கையோடை வேலியெல்லாம் தளிர்விட்டுப் பச்சையாக் கிடந்தது. சாரத்தை மடிச்சுக் கட்டி அள்ளிக்கொண்டு வந்தார். கொஞ்சம் முசுட்டை, கொஞ்சம் முருங்கை, மிச்சம் முழுக்க ஒரே கொடியின்ரை இலை. குறிஞ்சாவாம். கைக்கு எட்டினது அதுதானாம்.

பச்சையரிசியையும் வறுத்த பயறையும் தண்ணியான கப்பித் தேங்காய்ப்பாலிலை குழைய அவிய விட்டன். இலையை அம்மியிலை அரைச்சுப் புழிஞ்சு சாறை விட்டன். ருசி பாத்தால் கைப்பு. இன்னொரு தேங்காய் உடைச்சு முதற்பாலை அப்பிடியே ஊத்தினன். மிளகு, சீரகம், உள்ளி, கடைசியா ஒரு தேசிக்காய்ப் புளி. பச்சையும் வெள்ளையுமாக் கலந்து, தடிப்பாய், அகப்பையை விட்டு இறங்கமாட்டன் எண்டு நிண்டது. நான் காய்ச்சின கஞ்சியளிலை அதுதான் வடிவு.

பொடியனின்ரை பக்கத்திலை தாயும் மகனும்தான் வந்தவை, தகப்பன் இல்லை. ஒரே சைக்கிளிலை வந்து, படலையடியிலை காத்துப் போச்சு. பொடியன் முருங்கைக்குக் கீழை குந்தியிருந்து ஒட்டுப் போடத் துவங்கினான். கையெல்லாம் கிறீஸ், கஞ்சி வேண்டாம் எண்டிட்டான். தாய் ரெண்டு கோப்பை குடிச்சா, நானும் மனுசனும் ஒவ்வொண்டு.

"நல்ல பால்விட்டுக் காய்ச்சியிருக்கிறாய், தங்கச்சி. கைப்பும் அளவா இருக்கு."

எங்கடையவர் மீசையைத் தடவினார்.

பிறகு தேத்தண்ணி. சீனி அப்ப கண்ணிலை காணக் கிடையாது. உள்ளங்கையிலை ஒரு சொட்டு வைச்சு நக்கி நக்கித்தான் குடிக்கிறது. நத்தாருக்கு வாங்கினதிலை ஒரு ஜாம் போத்திலின்ரை அடியிலை கிடந்ததை இதுக்கெண்டே ஒளிச்சு வைச்சிருந்தனான். முழுவதையும் ரெண்டு கோப்பைக்குள்ளை கொட்டினன். மகள் கொண்டுபோய்க் குடுத்தாள்.

தாய் மனுசி ஒரு வாய் குடிச்சா. கோப்பையைக் கீழை வைச்சா.

"சீனி போட மறந்திட்டியளாக்கும்."

"இல்லை அக்கா, நிறையப் போட்டனான்."

"அப்ப நீ குடிச்சுப் பார்."

குடிச்சன். மாதாவே, சுடுதண்ணி. போத்திலைத் தட்டி ஒட்டியிருந்த சீனியை நாக்கிலை போட்டன். கடற்கரை மணல் மாதிரி நெருடினது, ஒரு துளி இனிப்பில்லை. மனுசனும் நக்கிப் பாத்தார், முகம் வெளிறிப்போச்சு.

"கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்," எண்டார்.

மகள் என்னெண்டு அறியிறமாதிரி அந்தக் கோப்பையை எடுத்தாள். உடுத்து வெளிக்கிடுற அந்தரத்திலை காலமை துவங்கி ஒண்டும் வாயிலை வைக்கேல்லை அவள். ஒரு வாய் குடிச்சிட்டுச் சொன்னாள், "இனிக்குது மாமி."

"பிள்ளை, பொய் சொல்லாதை."

"உண்மையா இனிக்குது மாமி. கூடிப்போச்சு."

அவவின்ரை முகத்தைப் பாத்தன். சீனியில்லாத தேத்தண்ணியை அவ மன்னிச்சிருப்பா. முகத்துக்கு நேரை பொய் சொல்ற மருமகளை மன்னிக்கமாட்டா. எழும்பினா. வழிப்பசிக்கு மடியிலை கொண்டுவந்த பனங்கட்டித் துண்டை வாயிலை போட்டுக்கொண்டு, "வா தம்பி, போவம்," எண்டா.

அவன் கையைத் துடைச்சுக்கொண்டு வந்தான். "தேத்தண்ணி குடிக்கேல்லையே அம்மா," எண்டு, நிண்டபடி தன்ரை கோப்பையை எடுத்துக் குடிச்சான். "கொஞ்சம் சீனி கூட."

"இப்பவே அவளின்ரை பக்கமோ நீ?" எண்டிட்டு மனுசி படலையைத் திறந்து தனியா நடந்திட்டா. அவன் முழிச்சுக்கொண்டு நிண்டான். எனக்கு அழுகை வரேல்லை. அதிர்ச்சியிலை அழுகையும் நிண்டுபோகுமாக்கும்.

அந்த நேரம் பாத்துக் காணிக்காரி வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்தா. "ஆர் என்ரை குறிஞ்சாவை மொட்டையடிச்சது?"

மனுசன் என்னைப் பாத்தார். நான் சட்டியைப் பாத்தன்.

"முழுக்கப் போட்டுக் காய்ச்சினனியளோ? அது சீனி வருத்தக்காரர், நீரிழிவு உள்ளவை, சப்புற இலையெல்லே. நாலு இலை போடுறது. கூடினால் நாக்கு இனிப்பை மறந்திடும், சீனியும் மண்தான். பயப்பிடாதையுங்கோ, கொஞ்ச நேரத்திலை திரும்பும்."

மனுசியின்ரை பின்னாலை ஓடுவமெண்டு படலைக்குப் போனன். ஒழுங்கையிலை அவ நிண்டா. போன வேகத்திலை போகேல்லை, வாழைக்குக் கீழை நிண்டு வாயை மெல்ல மெல்ல அசைக்கிறா. ஒரு கன்னத்திலை இருந்த பனங்கட்டியை மற்றக் கன்னத்துக்கு மாத்துறா. என்னைக் கண்டதும் கை காட்டினா.

"தங்கச்சி, இப்ப இனிக்குது."

குறிஞ்சாக் கதையைச் சொன்னன். அவ சிரிக்கேல்லை. நேரை உள்ளை வந்தா. மகள் கிணத்தடியிலை, கண் சிவந்துபோய்.

"பிள்ளை, நான்தான் பிழை. அந்தத் தேத்தண்ணியைக் கொண்டா, குடிப்பம்."

மகள் பொடியன் நிண்ட பக்கம் ஒருக்கால் பாத்திட்டுத் தலையைக் குனிஞ்சுகொண்டாள்.

"ரெண்டு கோப்பையும் அவர் குடிச்சிட்டார், மாமி."