காதுக்காரரின் சொல்

ஓடுதளத்தின் இருபக்கமும் முழங்கால் உயரத்துக்குப் புல். வெட்டாமல் விட்டால் விமானக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கூடு கட்டியிருக்கும்போது வெட்டினாலோ புல்லுக்குள் இருக்கும் குருவிக் குஞ்சுகள் போச்சு. வெட்டலாமா கூடாதா என்று சொல்கிறவர் ஒரே ஒருவர்தான். விமான நிலையம் முழுக்க அவருக்குக் காதுக்காரர் என்றே பெயர்.

பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. அங்கே கூடு கட்டுகிற புல்வெளிச் சிட்டு கண்ணில் படுகிற ரகமா என்ன! புல்லின் நிறத்திலேயே இருக்கும், தரையோடு தரையாக ஓடும். அதே பழுப்பில் இன்னும் நாலைந்து குருவி உண்டு. பாட்டை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். "முதல்ல ரெண்டு சொட்டு, டிக் டிக். அப்புறம் பையோட ஜிப்பை இழுக்கற மாதிரி ஒரே இழுப்பு. பூச்சின்னு நெனச்சு ஏமாந்துடாதீங்க" என்று புதிதாக வருகிறவர்களிடம் பாடியே காட்டுவார். இத்தனை வருஷத்தில் அவர் சொல் தப்பியதில்லை. அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது, சொன்னால் கோபித்துக்கொள்வார்.

வீட்டில் துணி துவைக்கிற மெஷின், வேலை முடிந்ததும் கீச்சென்று கூப்பிடும். கொஞ்ச நாளாக அது கூப்பிடுவதே இல்லை என்று அவராகவே மெக்கானிக்கை வரவழைத்தார். மெக்கானிக் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் கத்துது?" என்றார்.

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காதுக்காரரே, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்களேன்."

"என் காதுக்கு என்ன கேடு? நீ பேசறது அத்தனையும் கேக்குதே, அது போதாதா?"

அப்போதே போயிருக்கலாம். போகவில்லை, பாவி மனுஷன்.

புல் வெட்டுகிற நாள் வந்தது. காலையில் வேலியோரம் நின்று, காதைத் தீட்டிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். காற்றுதான் கேட்டது. வெட்டுவதற்கு முன் ஒரு ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று அசைகிற புல்லைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டார். டிராக்டர் ஓட்டுகிறவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பக்கத்தில் காத்திருந்தார்.

"என்னண்ணே, எறக்கலாமா?"

"எறக்குப்பா. இந்த வருஷம் ஒண்ணுகூட வரல."

"நல்லாக் கேட்டீங்கல்ல? குஞ்சு மேல ஏத்திட்டா அப்புறம் எனக்குச் சோறு எறங்காது."

"அதான் நான் சொல்றேன்ல!"

சாயங்காலத்துக்குள் மொத்தப் புல்லும் தரையில் கிடந்தது.

வீட்டுக்கு வந்து காபியோடு உட்கார்ந்தவர், மனைவியிடம் வீடியோவைப் போட்டுக் காட்டினார். "பாரேன், காலையில எப்படி இருந்துச்சுன்னு."

"அழகா இருக்குங்க. ஆமா, அது என்ன பூச்சி, விடாம கத்துது?"

"பூச்சியா? எங்க?"

"இதோ, இப்பக்கூட. டிக் டிக்னு. அப்புறம் இழுவையா ஒண்ணு."

அவர் போனைப் பிடுங்கிக் காதோடு அழுத்தினார். காற்று கேட்டது. தான் செருமியது கேட்டது. டிராக்டர்காரரின் இருமல்கூடத் தெளிவாகக் கேட்டது. ஐயோ, குருவிகள் எல்லாம் அங்கேயேதானே இருந்திருக்கின்றன!

"மறுபடி போடு. அது கத்தறப்பல்லாம் வெரலைத் தூக்கு."

இந்தத் தடவை அவள் கேலி பண்ணவில்லை. வீடியோ ஓடியது. அவள் விரல் உயர்ந்தது, இறங்கியது, மறுபடி உயர்ந்தது. காபி ஆறிக்கொண்டிருந்தது. அவர் திரையைப் பார்க்காமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிகிற நேரத்தில் அவள் தயங்கித் தயங்கி இன்னொரு விரலையும் நீட்டினாள்.

"இப்ப ரெண்டு சேந்து கத்துதுங்க."

"காலையில உன்னையும் கூட்டிட்டுப் போயிருந்தா..." என்று ஆரம்பித்தார்.