எழிலரசியைத் தேடிய கணினி

தலைநகரில், மோதி பாக் அரசு குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது எம்.பி.ஏ. படிக்க எனக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று பெயர் பெற்றது. மற்றது சின்னது, ஆனால், மருத்துவமனைகளில் கணினியைப் பயன்படுத்துவது பற்றியும் அங்கே பாடம் உண்டு. எனக்கு அந்தத் துறையில்தான் ஆசை. அப்பாவோ, "பெரிய காலேஜ் பேரே சோறு போடும்மா" என்றார்.

சின்னக் கல்லூரியைப் பார்க்கப் போன அன்று மாணவர்கள் ஓர் அரசு மருத்துவமனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியை என்னையும் அழைத்துப் போனார்.

அங்கே பதிவு கவுன்ட்டரில் ஒரு தமிழ்ப் பெண் கலங்கி நின்றார். கழுத்துக் கட்டியில் ஊசி குத்திச் செய்த சோதனையின் முடிவு கணினியில் இல்லையாம். மறுபடி குத்த வேண்டும் என்று ஊழியர் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்க பேரு என்னக்கா?" என்றேன்.

"எழிலரசிம்மா. இவங்க வாயில அது நொழைய மாட்டேங்குது." தமிழர்கள் வாழும் மதராசி கேம்ப் குடிசைப் பகுதியில் இருப்பதாகவும், கணவர் பெயர் முருகன் என்றும் சொன்னார்.

"அண்ணா, பேரை விட்டுட்டு மதராசி கேம்ப், புருஷன் பேர் முருகன்னு தேடிப் பாருங்க" என்று ஊழியரிடம் இந்தியில் கேட்டுக்கொண்டேன். அவர் பொறுமையாகத் தேடினார். 'இலர்சி' என்ற பெயரில் முடிவு கிடைத்தது.

டாக்டர் அதைப் படித்துவிட்டு, கழுத்தில் வரும் டி.பி.தான், மருந்திலேயே குணமாகிவிடும் என்றார். அதைத் தமிழில் சொன்னதும் எழிலரசி என் கையைப் பிடித்துக்கொண்டார். "புத்துநோயின்னு நெனச்சு சோறே எறங்கலம்மா."

மருத்துவத் தொழில்நுட்பம் என்றால் பெரிய இயந்திரங்கள் என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஒரு பெயரைப் பிழையில்லாமல் பதிவதும் அதில் சேர்ந்ததுதான் என்று அன்று தெரிந்தது. அந்தச் சின்னக் கல்லூரியில்தான் சேர்ந்தேன். அதன் பெயர் இன்றும் பலருக்குத் தெரியாது. அதனால் எனக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.