ஃபேன் ஸ்கோர்

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் புராசஸரை, அதைச் செய்தவர்கள் விதித்த வேகத்துக்கும் மேலே விரட்டிப் பார்ப்பதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, கல்லூரிக் காலத்திலிருந்து நான் அந்த ஆண்டிதான். பகலெல்லாம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் படிவம் பார்ப்பேன். விடுமுறை என்றால் கம்ப்யூட்டர் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அந்தத் தகடு மூடியிருந்து என் மனைவி பார்த்ததே இல்லை.

என்னைப் போன்ற ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். வேகம் சோதிப்பதற்கென்றே செய்த மென்பொருள்கள் எங்களுக்கு ஆகாது. அவரவர் வீட்டில் உள்ள நிஜ வேலை ஒன்றை முதலில் சாதாரண வேகத்தில் ஓட்ட வேண்டும், பிறகு ஏற்றிய வேகத்தில் ஓட்ட வேண்டும். எத்தனை நிமிடம் மிச்சமோ அதுதான் ஸ்கோர். இதில் ஒரு சென்னைத் திருட்டுத்தனம் உண்டு. ஏசியைப் பதினெட்டில் வைத்து, அதன் காற்றுக்கு நேரே ஸ்டூல் போட்டுத் திறந்த கேபினட்டை நிறுத்தினால் புராசஸர் சூடேறாமல் பறக்கும். அது ஏசி ஸ்கோர். அதற்கு மரியாதை கிடையாது. மே மாத வெயிலில், தலைக்கு மேல் மின்விசிறி மட்டும் சுற்ற எடுப்பதுதான் ஃபேன் ஸ்கோர். இந்த வீறாப்பெல்லாம் நாற்பதைத் தாண்டிய ஆசாமிகளுக்கு.

என் மனைவி சாந்தோமில் எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவைப் பழக்குகிறவள். இந்த வருடத் தொடக்கத்தில் அவள் கழுத்தில் தைராய்டு கட்டி ஒன்று தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும், குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, குரல் மாறலாம் என்றார் டாக்டர். அவள் அழவில்லை. தவக்காலம் முழுக்க, மத்தியானங்களில் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு சின்ன ரெக்கார்டர் ஒன்றில் பாடிப் பதிவு செய்தாள். மொத்தம் முப்பத்திரண்டு பாட்டு.

"எனக்கு எப்படி ஆனாலும் கோயில் பசங்க இதக் கேட்டுக் கத்துக்கட்டும்" என்றாள். "புழுக்கம் தாங்காம ஃபேன் போட்டுட்டேன். அந்தச் சத்தத்த மட்டும் எடுத்துக் குடுங்க."

எடுத்துத் தருகிறேன் என்றேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் சிகிச்சை நடந்தது. கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் குரல் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சில மாதங்களில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். அவள் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் அவள் வாயருகே காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நான் புது புராசஸர் வாங்கினேன். அவள் பாட்டுகளைச் சுத்தம் செய்யத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த வீட்டின் நிசப்தத்தில் என்னால் சும்மா உட்கார முடியவில்லை.

ரெக்கார்டரில் இருந்த பாட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். ரெக்கார்டரின் மெமரி கார்டைக் காலி செய்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். மின்விசிறிச் சத்தத்தை நீக்கும் மென்பொருளை முப்பத்திரண்டு பாட்டின் மீதும் ஓட்டினேன். சாதாரண வேகத்தில் பதினான்கு நிமிடம். ஏசியைப் போட்டு வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, மறுபடி மறுபடி ஓட்டிப் பதினொன்றுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு தடவையும் புதிய கோப்புகள் பழையவற்றின் மேலேயே பதிவாயின. எங்கள் ஓவர்கிளாக் குழுவில் திரையைப் படம் பிடித்துப் போட்டதும் நண்பன் ஒருவன் போனில் கூப்பிட்டான்.

"இன்னா மச்சி, ஏசி காத்துல எட்த்தியா? அத்தெல்லாம் கணக்குலயே வராது. ஃபேன் ஸ்கோர் இன்னா, அத்த சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. ஏசியை அணைத்தேன். வெளியே உச்சி வெயில். வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும், குறைக்கவில்லை. அரை நாளாவது சோதனை ஓட்டம் விட்டுப் பார்த்திருக்க வேண்டும், அதையும் செய்யவில்லை. குளிரில் தாங்கியது வெயிலிலும் தாங்கும் என்று நினைத்தேன். இதுதான் கடைசி ஓட்டம் என்பதால், மூலப் பதிவுகள் இனி எதற்கு என்று, 'முடிந்ததும் மூலத்தை நீக்கு' என்ற கட்டத்திலும் டிக் அடித்துவிட்டு ஓடவிட்டேன்.

பதினொரு நிமிடம் இருபது விநாடி. 'வெற்றிகரமாக முடிந்தது' என்று திரையில் வந்தது. குழுவில் கைதட்டல் பொம்மைகள் குவிந்தன. சுத்தமான பாட்டுகளை ஒரு பென்டிரைவில் போட்டு மனைவியிடம் கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

சனிக்கிழமை மாலை பயிற்சிக்கு நானும் கூடப் போனேன். கோயில் பக்கத்து ஹாலில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பீக்கரில் அவள் குரல் எழுந்ததும் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டு இரண்டு வரி ஓடியது. டிக்கென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. மனைவி ஒயரை ஆட்டிப் பார்த்தாள். அடுத்த பாட்டுக்குத் தள்ளினாள். அது ஒரு வரியோடு நின்றது. அதற்கடுத்தது பல்லவி முடிந்ததும் நின்றது. எல்லோரும் ஒயரைப் பார்த்தார்கள். நான் மட்டும் தரையைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது.

சூடேறிய புராசஸர் எப்போதும் நின்றுபோய்க் காட்டிக்கொடுக்காது. சில நேரம் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மென்பொருளுக்குள் ஒரு தப்பான எண் நுழைந்துவிட்டால் அந்தப் பாட்டில் அதற்குப் பிறகு வருவதெல்லாம் வெறுமையாகிவிடும். அழித்ததை மீட்கும் வழி ஒன்றுவிடாமல் பிறகு முயன்றேன், ஒன்றும் மிஞ்சவில்லை. முழுதாகத் தப்பியவை எட்டுப் பாட்டு.

ஹாலிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தோம். வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏசி, வெயில், நண்பன், டிக் அடித்த கட்டம், எதையும் மறைக்கவில்லை. பஸ் இரைச்சலில் அவள் ஏதோ சொன்னது கேட்கவில்லை. நடைபாதையில் என்னை நிறுத்தி, என் காதருகே வந்து கேட்டாள்.

"அத்தன தடவ ஓட்டுனீங்களே, ஒரு பாட்டாவது கேட்டீங்களா?"

இல்லை. நான் விநாடிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். "இல்ல" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

மறுநாள் புராசஸரைப் பழைய வேகத்துக்கு இறக்கிவைத்தேன். கேபினட்டின் தகட்டையும் மூடித் திருகினேன். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்க ஆரம்பித்தேன். உடைந்தவற்றையும் விடவில்லை. தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் நாலைந்து கேட்பேன். முப்பத்திரண்டாவதுக்கு வர ஒரு வாரம் ஆனது.

அதில் பாட்டுக்கு முன்னால் அவள் பேசுகிறாள், அந்தப் பழைய குரலில். "ஏங்க, இது கோயிலுக்கு இல்ல. இது உங்களுக்கு. வேலைய விட்டுட்டு முழுசாக் கேளுங்க." லேசாகச் சிரிக்கிறாள். பாட மூச்சை இழுக்கிறாள். டிக்.

அந்தப் பதிவு இன்னும் நாலரை நிமிடம் ஓடியது. கடைசி விநாடி வரைக்கும் கேட்டேன்.

எழுந்து சமையலறைக்குப் போனேன். "கடைசியா எனக்குன்னு பாடுனியே, என்ன பாட்டு அது?" என்று கேட்டேன். நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அடுப்பைச் சிறியதாக்கிவிட்டுக் கிட்டே வந்தாள்.

"குரல் வந்தா பாடுறேன்."

நான்கு மாதம் ஆகிறது. இன்னும் வரவில்லை.